ஆணி குத்துவதற்கு முன்

வேப்பேரி, சென்னை

அன்பு மகள் ஜெனிக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களும் கூடவே எழுதியிருந்த பட்டியலும் கிடைத்தன. படங்களைப் பார்த்ததும் சந்தோஷம். பட்டியலைப் படித்ததும் திக்கென்றது. பியானோவை மாடிக்குத் தூக்கி வந்த ஆட்களுக்கு இன்னும் இடுப்பு வலி தீர்ந்திருக்காது. அதற்குள் ஹாமர்களில் போர்டு பின் குத்துவது, தந்திகளுக்கு முன்னால் துணி தொங்கவிடுவது, மூன்று தந்திகளில் இரண்டைக் கழற்றுவது, கட்டைகளில் ஈயம் வைப்பது, உள்ளே பல்பு எரியவிடுவது, பலகையில் துளை போட்டு மைக் மாட்டுவது என்று வரிசையாக எழுதி, எதெல்லாம் செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். நேற்று உன் அம்மாவும் போன் செய்தார்கள். "நல்ல சாமானை இவள் கெடுத்துத் தொலைப்பாளா தம்பி?" என்று ஒரே கவலை. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் கடிதம்.

பியானோவுக்குள் கை வைப்பதே பாவம் என்கிற கட்சிக்காரன் இல்லை நான். பியானோவுக்கு ஸ்ருதி சேர்க்கும் எங்களைப்போன்ற ட்யூனர்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. மூடியைத் திறந்து ஒரு துணித்துண்டு கிடந்தாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு உறுத்தியது வேறு. உன் பட்டியலில் பாதி, பியானோவில் இல்லாத சத்தத்தை வரவழைக்கும் ஆசை. மறுபாதி, அதற்கு இருக்கும் நோயை 'மாற்றம்' என்ற பெயரில் மூடிவைக்கும் யோசனை. இரண்டையும் ஒரே வரிசையில் எழுதிவிட்டாய். அது முதலில் பியானோவாகட்டும் ஜெனி. அதன்பிறகு அதை வேறு எதுவாக வேண்டுமானாலும் ஆக்கு.

இன்று நாம் பியானோ என்று சொல்கிற பொருளே பலர் கை வைத்து, மாற்றி மாற்றி வந்து சேர்ந்ததுதான். தந்தியை அடிக்கும் ஹாமரின் தலையில் இருக்கும் கம்பளி ஃபெல்ட்டையே எடுத்துக்கொள். முதல் நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே தோல்தான் இருந்தது. பாரிஸில் பியானோ செய்துகொண்டிருந்த ஆன்ரி பாப் 1826-ல் ஃபெல்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்து வியன்னா பியானோக்களில் பெடல்கள் வரிசையாக இருக்கும். ஒன்றை மிதித்தால் காகிதமும் பட்டும் சேர்ந்த ஒரு சுருள் கீழ்ஸ்தாயித் தந்திகளின்மேல் வந்து உட்காரும். பசூன் ஊதுவதுபோல் கரகரக்கும். இன்னொன்றை மிதித்தால் உள்ளே மேளம் அதிரும், மணி கிணுகிணுக்கும். துருக்கிப் படை வாத்தியத்தின்மேல் ஐரோப்பியர்களுக்கு அப்போது அவ்வளவு மோகம். ஆக, தந்திமேல் காகிதம் வைப்பது நேற்று யாரோ கண்டுபிடித்த குறும்பு இல்லை. கடைக்காரனே செய்து விற்ற சரக்கு.

இசையமைப்பாளர் ஜான் கேஜின் கதை உனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் சியாட்டல் நகரத்துக் கார்னிஷ் பள்ளி, 1940. சிவில்லா ஃபோர்ட் என்ற நடனக்காரரின் ஆட்டத்துக்கு இசை வேண்டும். கேஜ் மனத்தில் இருந்தது தாளவாத்தியக் கூட்டம். அரங்கில் அதற்கு இடம் இல்லை, ஒரு பியானோதான் இருந்தது. தந்திகளின்மேல் தட்டு வைத்துப் பார்த்தார், துள்ளியது. ஆணி வைத்தார், நழுவியது. மரையாணியைத் தந்திகளுக்கு நடுவே திருகிச் செருகினார், நின்றது. பிறகு 1946 முதல் 1948 வரை 'சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்' எழுதினார். அதில் நமக்கு ஓர் உறவுமுறை உண்டு. கொழும்பில் 1877-ல் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமி ரசக் கொள்கையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத்தான், ஒன்பது ரசங்களையும் இசையில் கொண்டுவரப் பார்த்தார் கேஜ். மரையாணியும் ரப்பர் துண்டும் செருகிய ஒரு பெட்டியில் சிருங்காரமும் சாந்தமும் தேடினார் என்றால் சிரிப்பாய். கேட்டுப் பார், சிரிக்கமாட்டாய்.

கேஜைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். 'சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்' இசைப்புத்தகத்தின் முன்னால் ஓர் அட்டவணை இருக்கிறது: எந்தச் சுரம், எந்த இரண்டு தந்திகளுக்கு நடுவே, என்ன பொருள், தந்தியின் அதிர்வை அடக்கும் டேம்பரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி. 45 சுரங்களுக்கு இப்படி. செருகி முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கச்சேரி முடிந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். கவனமாகச் செருகியிருந்தால் மறுநாள் அதே பியானோவில் மொசார்ட் வாசிக்கலாம். இன்னொன்று, ஸ்ருதி சேர்ந்து, கட்டையின் அசைவை ஹாமருக்குக் கொண்டுபோகும் ஆக்‌ஷன் ஒழுங்காக இருக்கும் பியானோவில்தான் இந்த அட்டவணைக்கு அர்த்தமே உண்டு. தொளதொளத்த பியானோவில் எது மரையாணியின் சத்தம், எது கிழட்டுச் சத்தம் என்று யார் கண்டார்கள்?

இதெல்லாம் வெள்ளைக்காரன் பைத்தியம் என்று உன் அப்பா சொல்வார். அவரிடம் கேள்: தம்புராவில் தந்திக்கு அடியில் ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி ரீங்காரம் தேடுகிறார்களே, அது என்ன? மிருதங்கத்தின் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்பி, முடிந்ததும் சுரண்டி எடுக்கிறார்களே, அது என்ன? குச்சி மிருதங்கத்தில் தோல்களுக்கு நடுவே சன்னக் குச்சிகளைச் செருகுவதும் கேஜ் செய்ததும் ஒரே வேலைதான்.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன்.

போர்டு பின். வேண்டாம். உன் பட்டியலில் நான் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்வது இதைத்தான் முதலில். பழைய சினிமா மதுக்கடைப் பியானோ மாதிரி 'டிங் டிங்' என்று உலோகச் சத்தம் வேண்டும் என்கிறாய். ஹாமர் என்பது ஒரு மரத்துண்டின்மேல் கெட்டி ஃபெல்ட்டை இழுத்து, முறுக்கேற்றி ஒட்டியது. அந்த இறுக்கத்தில்தான் அதன் குரல் இருக்கிறது. அதன் மூக்கில் பின் குத்தினால் இறுக்கம் அந்த இடத்தில் அறுகிறது. பின்னைப் பிடுங்கினாலும் துளை மூடாது. பின்னின் தலை இரும்பு, தந்தியும் இரும்பு. அடிக்க அடிக்கத் தந்தி தேயும், பழைய தந்தி அறுந்தும் போகும். மேல்ஸ்தாயி ஹாமர்கள் சின்னவை. அதில் குத்திய பின் என்றைக்கோ ஒருநாள் கழன்று ஆக்‌ஷனுக்குள் விழும். அதைத் தேடி எடுக்க நீ என்னைக் கூப்பிடுவாய். போதாதற்கு உங்கள் தூத்துக்குடி உப்புக்காற்று. அந்தப் பின்கள் ஃபெல்ட்டுக்குள்ளேயே துருப்பிடித்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த மதுக்கடைச் சத்தத்தில் பெரும்பங்கு போர்டு பின்களால் வருவதும் இல்லை. ஒரு சுரத்துக்கு மூன்று தந்திகள் இருக்கின்றனவே, அவை ஒன்றோடொன்று இம்மியளவு விலகி நின்றால் ஒரு நெளிவு வரும். அதுதான் அந்தச் சத்தம். டிரினிடாடில் பிறந்து லண்டனில் கொடிகட்டிப் பறந்த வினிஃப்ரெட் ஆட்வெல், 1950-களில் மேடைக்கு இரண்டு பியானோ கொண்டுபோவார். ஒன்று பளபளக்கும் கிராண்ட். மற்றது பேட்டர்ஸி பக்கம் பழைய சாமான் கடையில் 50 ஷில்லிங் கொடுத்து வாங்கிய, ஸ்ருதி கலைந்த அப்ரைட். 'பிளாக் அண்ட் வொயிட் ராக்' என்ற இசைத்தட்டில் ஊரையே ஆடவைத்தது அந்த இரண்டாவதுதான். உன் பியானோ இன்று இருக்கும் நிலையில், நீ அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன், ஆட்வெல்லின் இரண்டாவது பியானோவுக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை. அந்தச் சத்தத்தில் என்ன பதிவு செய்ய வேண்டுமோ, நான் வந்து ட்யூன் செய்வதற்கு முன்னால் செய்து முடித்துக்கொள். காசு செலவில்லை.

உலோகச் சத்தம் இருந்தே தீரவேண்டும் என்றால் ஒரு மாற்று உண்டு. நூறு வருடத்துக்கு முன்பு காசு போட்டால் பாடும் பியானோக்களில் வைத்திருந்தார்கள். மாண்டலின் ரயில் என்று பெயர். நீளமான ஒரு பட்டையில் ஃபெல்ட் அல்லது தோல் நாக்குகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு நாக்கின் நுனியிலும் ஒரு சின்ன உலோகப் பொட்டு. பட்டையை இறக்கினால் ஹாமருக்கும் தந்திக்கும் நடுவே அந்த நாக்கு வரும். ஏற்றினால் பழையபடி பியானோ. தந்தி தேய்வது இதிலும் உண்டு. ஆனால் ஹாமர் பிழைத்துக்கொள்ளும், வேண்டாத அன்று தூக்கிவிடலாம்.

போர்டு பின் வேண்டாம் என்றதற்கு ஒரு விதிவிலக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயே தேடிப்பிடித்து எனக்கு அனுப்புவாய். கான்லன் நன்காரோ என்று ஓர் அமெரிக்கர், மெக்சிகோ நகரத்தில் போய்க் குடியேறியவர். தானே வாசிக்கும் பியானோக்களுக்குக் காகிதச் சுருளில் கையால் துளையிட்டு, மனித விரலால் முடியாத வேகத்தில் லயங்களை அடுக்கியவர். அவர் தம் பியானோ ஹாமர்களைத் தோலாலும் உலோகத்தாலும் கெட்டிப்படுத்தி வைத்திருந்தார். அவ்வளவு வேகத்தில் சாதாரண ஃபெல்ட் அடித்தால் எல்லாம் குழைந்துவிடும். ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்க வேண்டும் என்பது அவருக்குப் பெரிய தேவை. பல வருடம் அந்த ஒரு வகைச் சத்தத்திலேயே எழுதினார். உனக்கோ ஞாயிற்றுக்கிழமை ஞானப்பாட்டும் வாசிக்க வேண்டும், மாலையில் சோப்பானும் வேண்டும், நடுவில் கொஞ்சம் 'டிங் டிங்'கும் வேண்டும்.

துணித்திரை. இதைத் தாராளமாகச் செய். பட்டியலிலேயே உருப்படியானது இதுதான். அப்ரைட்டுகள் பலவற்றில் நடுப்பெடலை மிதித்தால் ஒரு ஃபெல்ட் பட்டை இறங்குமே, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பயிற்சி செய்ய, அதேதான் இது. உன்னுடையதில் இரண்டு பெடல்தான், அந்த வசதி இல்லை. ஜெர்மனியின் நில்ஸ் ஃப்ராம் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று தன் பியானோவில் ஃபெல்ட் வைத்து, இரவில் மைக்கை மிக நெருக்கத்தில் வைத்து வாசித்தார். 2011-ல் வந்த அந்த இசைத்தொகுப்பின் பெயரே 'ஃபெல்ட்'. அதில் தந்தியின் சத்தத்தைவிட, கட்டை இறங்குவதும் மரம் முனகுவதும் வாசிக்கிறவரின் மூச்சும் முன்னால் வந்து நிற்கின்றன. அதற்குப் பிறகு இந்தச் சத்தம் உலகம் முழுக்கப் பரவி, இப்போது எந்தச் சோகப்படத்தைப் பார்த்தாலும் இதுதான். எனக்குக் கொஞ்சம் திகட்டிவிட்டது. உனக்கு இன்னும் திகட்டியிருக்காது.

செய்யும் விதம்: மெல்லிய, நெருக்கமாகப் பதிந்த கம்பளி ஃபெல்ட் வாங்கு, ஒன்றரை மில்லிமீட்டர் போதும். ஆக்‌ஷனின் அகலத்துக்கு ஒரு லேசான மரச்சட்டம் எடுத்து அதில் ஃபெல்ட்டின் மேல்விளிம்பை ஒட்டு. ஃபெல்ட் ஹாமர் மூக்குக்கும் தந்திக்கும் நடுவே தொங்கும்படி சட்டத்தை மேலே நிறுத்து. தந்தியில் ஒட்டாதே, ஹாமரில் ஒட்டாதே, பியானோ மரத்தில் ஆணி அடிக்காதே. ஏன் மெல்லியது என்றால், நீ கட்டையை மெதுவாக அழுத்தும்போது தந்திக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னாலேயே ஆக்‌ஷன் ஹாமரை விட்டுவிடும். மிச்சத் தூரத்தை ஹாமர் தன் வேகத்தில் போய் அடித்துத் திரும்பும். ஃபெல்ட் தடிமனாக இருந்து அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் ஹாமர் தந்தியோடு ஒட்டி நின்று சத்தத்தை அமுக்கிவிடும். கனமான துணி வாங்கிவிட்டு, பியானோ கெட்டுவிட்டது என்று அழக்கூடாது.

தந்தி கழற்றுவது. ஒரு சுரத்துக்கு ஒரே தந்தி வைத்தால் வரும் மெலிந்த, சுத்தமான குரல் உனக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடிக்கும். டேவிட் கிளாவின்ஸ் அதற்கென்றே 'உனா கோர்டா' என்று ஒரு பியானோ செய்திருக்கிறார். ஆனால் அது ஒற்றைத் தந்திக்காகவே வடிவமைத்தது. உன்னுடையதில் இருநூற்றுக்கும் மேல் தந்திகள், ஒவ்வொன்றும் எழுபது எண்பது கிலோ இழுவையில் நிற்கின்றன; கூட்டினால் பல டன். வார்ப்பிரும்புச் சட்டமும், சத்தத்தைப் பெருக்கும் பலகையான சவுண்ட்போர்டும் அந்தக் கனத்துக்குப் பழகி நிற்கின்றன. அதில் பாதிக்கு மேல் நீ கழற்றினால் சவுண்ட்போர்டின்மேல் இருக்கும் அழுத்தம் போய், மிச்சத் தந்திகளின் ஸ்ருதியும் நிற்காது. தந்தி அறுந்து முகத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு ட்யூனர் பையில் எப்போதும் இருக்கும் ஒரு பொருள் போதும்: நீளமான ஃபெல்ட் பட்டை. ஸ்ருதி சேர்க்கும்போது ஓரத்துத் தந்திகளை ஊமையாக்க, சுரத்துக்குச் சுரம் நடுவே அதை மடித்து மடித்துச் செருகிக்கொண்டே போவோம். நடுத்தந்தி மட்டும் பேசும். கால் மணி நேர வேலை. இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். நான் வரும்போது ஒன்று கொண்டுவந்து தருகிறேன்.

கேஜ் மாதிரி மரையாணி செருகலாமா என்று நீ கேட்கவில்லை, கேட்பாய். கிராண்டில் தந்திகள் படுத்திருக்கும், வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். அப்ரைட்டில் நிற்கின்றன, இறுகச் செருகாத ஆணி ஓர் அழுத்தமான சுரத்தில் உதறி உள்ளே விழும். ரப்பர், ஃபெல்ட், அட்டைத்துண்டு இவற்றோடு நிறுத்திக்கொள். விநோதமாகவே ஏதாவது வேண்டுமென்றால் இதைச் செய்து பார்: கொலராடோவில் ஸ்டீபன் ஸ்காட் என்பவர் 1977-ல் ஒரு குழு சேர்த்தார். திறந்த கிராண்டைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, ரோசின் தடவிய தூண்டில் நரம்பைத் தந்திக்கு அடியில் விட்டு இருபுறமும் இழுத்தார்கள். பியானோ, வயலின் கூட்டம் மாதிரி நீளமாகப் பாடியது. உங்கள் ஊரில் தங்கூசி நரம்புக்கா பஞ்சம்? அப்ரைட்டின் கீழ்ப்பலகையைக் கழற்றினால், தந்திக்குப் பின்னால் நரம்பை நுழைக்க இடம் கிடைக்கும் சுரங்கள் சில இருக்கும். வலது பெடலை மிதித்துக்கொண்டு மெதுவாக இழு. முடிந்ததும் ரோசின் தூளை உலர்ந்த துணியால் துடைத்துவிடு.

கட்டைக்கு ஈயம். இங்கேதான் நோயும் மாற்றமும் குழம்பிக் கிடக்கின்றன. கட்டை கனமாக இருக்கிறது, முன்பக்கம் துளையிட்டு ஈயம் வைத்தால் இலேசாகும் என்கிறாய். இறங்குவது இலேசாகும், உண்மை. ஆனால் நீ ஒவ்வொரு முறையும் தள்ள வேண்டிய மொத்தப் பாரம் கூடிவிடும். வேகமாக வாசித்தால் கட்டை எழும்பி வர மறுக்கும். முதலில் அளந்து பார். பத்து ரூபாய் நாணயம் ஏறத்தாழ 7.7 கிராம். வலது பெடலை மிதித்துக்கொண்டு, கட்டையின் முன்விளிம்பில் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கு. ஏழு நாணயத்துக்குள் கட்டை மெல்ல இறங்கினால் குறையொன்றும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாக எடு. மூன்று நாணயத்தைத் தாங்கிக்கொண்டு அது எழும்ப வேண்டும். இறங்க நிறைய நாணயமும் எழும்ப ஒன்றிரண்டும்தான் என்றால் கோளாறு கனத்தில் இல்லை, உராய்வில். கட்டைத் துளைகளில் ஒட்டியிருக்கும் துணி ஈரத்தில் உப்பியிருக்கும். ஆக்‌ஷனின் மூட்டுகளில் இருக்கும் சென்டர் பின்கள் இறுகியிருக்கும். அதை நான் சரிசெய்கிறேன். ஈயம் வேண்டியிருக்காது.

பியானோ வித்வான் க்ளென் கூல்டை நீ உதாரணம் காட்டியிருக்கிறாய். அவருடைய ஸ்டெயின்வே சிடி 318-ல் யாரும் ஈயத்தைக் கொட்டிக் குறுக்குவழி தேடவில்லை. வெர்ன் எட்குவிஸ்ட் என்ற ட்யூனர் வருடக்கணக்காக அதன் ஆக்‌ஷனைத் திருகித் திருகி, கூல்டின் விரலுக்கு ஏற்றபடி கொண்டுவந்தார். அப்படியும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. கட்டைகள் அவ்வளவு சுறுசுறுப்பானதில், நடுப்பகுதிச் சுரங்கள் சில விக்கல்போல் இரண்டுமுறை தட்டின. கூல்ட் 1964-ல் பாக்கின் இன்வென்ஷன்களைப் பதிவு செய்தபோது, அந்த விக்கலைப் பற்றி இசைத்தட்டு உறையிலேயே எழுதிவைத்தார். 1971-ல் வண்டிப் பயணத்தில் அந்தப் பியானோ கீழே விழுந்து இரும்புச்சட்டம் விரிசல் கண்டது. எவ்வளவோ செப்பனிட்டும் பழைய சிடி 318 திரும்பவில்லை. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். உன் மைக் யோசனைக்கும் இதுதான் பதில்: சட்டத்திலோ சவுண்ட்போர்டிலோ துளை என்ற பேச்சே கூடாது. தொடுமைக்கை மெழுகுப்பசையால் ஒட்டிக்கொள், பதிவு முடிந்ததும் எடுத்துவிடு.

உன் கை சின்னது, எட்டாம் சுரத்துக்கு மேல் எட்டுவதில்லை என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாய். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. வழக்கமான பியானோவில் ஓர் ஆக்டேவின் அகலம் ஆறரை அங்குலம். ஜோசப் ஹாஃப்மன் எவ்வளவு பெரிய வித்வான். அவருக்கு ஸ்டெயின்வே கட்டைகளைக் குறுக்கிச் செய்து கொடுத்தது. இன்று பென்சில்வேனியாவில் டேவிட் ஸ்டைன்பூலர் ஆறு அங்குலம், ஐந்தரை அங்குலம் என்று குறுகிய கட்டைவரிசைகள் செய்கிறார். இருக்கும் பியானோவிலேயே மாட்டலாம். பியானோவில் செய்யும் மாற்றங்களில் வாசிக்கிறவருக்கு மெய்யாகவே உதவுவது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் இது வீட்டில் அரத்தை வைத்து ராவுகிற வேலை இல்லை, செலவும் பெரிது. உன்னுடைய இந்தப் பழைய அப்ரைட்டுக்கு வேண்டாம். பின்னால் ஒருநாள் நல்ல கிராண்ட் வாங்கினால் பேசுவோம்.

பல்பு. இது நம் ஊரில் பழகிய வைத்தியம். கடலோரத்துக்கு இதைவிட மலிவாக ஒன்றும் இல்லை. கீழ்ப்பலகைக்குள் ஒரு சின்னப் பல்பு எரிந்தால் உள்காற்று சூடாகி ஈரப்பதம் குறையும், கட்டை ஒட்டாது, தந்தி துருப்பிடிப்பது மட்டுப்படும். அமெரிக்காவில் 'டாம்ப்-சேசர்' என்ற பெயரில் விற்கும் சூட்டுக்கோலும் இதே தத்துவந்தான். ஆனால் அது குண்டு பல்பாக இருக்க வேண்டும். இப்போது எல்லாரும் எல்இடி மாட்டிவிட்டு, உள்ளே வெளிச்சமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். அதில் சூடு ஏது? பியானோவுக்கு வெளிச்சம் எதற்கு, படிக்கவா போகிறது? 25 வாட்டுக்கு மேல் போகாதே, மரத்துக்கும் ஃபெல்ட்டுக்கும் தள்ளிக் கம்பிக்கூண்டுக்குள் வை, வீட்டில் ஆள் இல்லாதபோது அணைத்துவிடு. நீ ஏசி போடும் அறையாக இருந்தால் பல்பும் வேண்டாம். காற்று அளவுக்கு மீறி உலர்ந்தாலும் சவுண்ட்போர்டு வெடிக்கும். ஐம்பது சதவீத ஈரப்பதத்தைச் சுற்றி நிலையாக நின்றால் போதும். ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வை.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் யாராவது ஒரு பெரியவர் யோசனை சொல்வார்: கட்டை ஒட்டினால் தேங்காய் எண்ணெய். ஒரு தேவாலயத்துப் பியானோவில் கோயில்பிள்ளை பக்தியோடு ஊற்றியிருந்தார். சென்டர் பின்னைச் சுற்றியுள்ள துணி எண்ணெயைக் குடித்து உப்பி, தூசியோடு சேர்ந்து பசையாகி, மழைக்காலத்தில் ஒட்டிய கட்டைகள் எல்லாக் காலத்திலும் ஒட்டத் தொடங்கின. எண்ணெய், தந்தியை இறுக்கிப் பிடிக்கும் ட்யூனிங் பின் பக்கம் கசிந்தால் அந்தப் பின் இனி ஸ்ருதியைப் பிடிக்காது.

அதே ட்யூனிங் பின்னுக்கு, நான் முதலில் நம்பாத ஒரு வீட்டு வைத்தியம் இருக்கிறது. பின் தளர்ந்து ஸ்ருதி நிற்காத பழைய பியானோவைப் படுக்கவைத்து, நீர்போல் ஓடும் சயனோஅக்ரிலேட் பசையை, நம் ஃபெவிக்விக் அந்த இனம்தான், பின்னைச் சுற்றிச் சொட்டுவது. அது மரத்துளைக்குள் இறங்கி இறுகிக்கொள்ளும். பின்னைத் திருகவும் முடியும். முதலில் எங்கள் தொழிலில் இதைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். இப்போது, அந்தப் பின்களைப் பிடித்துவைக்கும் மரக்கட்டையான பின் பிளாக்கைப் புதிதாகப் போட வசதி இல்லாத பியானோக்களுக்கு நல்ல ட்யூனர்களே செய்கிறார்கள். வீட்டு வைத்தியம் என்பதற்காகவே எதையும் தள்ளுகிறவன் இல்லை நான் என்பதற்கு இதைச் சொன்னேன். நீயாகச் செய்யாதே, இருநூறு கிலோ சாமானைச் சாய்க்க ஆள் வேண்டும், புகை கண்ணை எரிக்கும், ஒரு சொட்டு ஆக்‌ஷனில் விழுந்தால் கதை முடிந்தது.

பணத்துக்காக நான் தடுக்கிறேன் என்று நினைக்காதே. பழைய அப்ரைட்டை விற்கப் போனால் கொடுத்த காசில் பாதிகூட வராது. அந்த மரியாதை அதற்கு எப்போதோ போய்விட்டது. நான் வந்து பார்க்கும்போது பின் பிளாக் பிளந்திருந்தாலோ சட்டத்தில் விரிசல் இருந்தாலோ, நானே உன் கையில் போர்டு பின் டப்பாவைக் கொடுக்கிறேன். செத்த பியானோவில் எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. உன் படங்களில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. பின்கள் சுத்தமாக இருக்கின்றன, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் வெடிப்பு இல்லை, ஹாமர்களில் ஃபெல்ட் போதுமான அளவு மிச்சம் இருக்கிறது. உயிரோடு இருக்கிற வாத்தியம் அது.

கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சிகள் தொடங்குவதற்கு முன் தூத்துக்குடி வருகிறேன், இரண்டு நாள் தங்கி, உள்பொறியைச் சீராக்கும் ரெகுலேஷனும் ட்யூனிங்கும் முடித்துத் தருகிறேன். அதுவரை நீ செய்ய வேண்டியவை: வெளிச்சுவரை ஒட்டி வைத்திருப்பதை உள்சுவர்ப் பக்கம் நகர்த்து, அடியில் எலி நுழையும் வழியை அடை, நாணயம் வைத்து அளந்து, எந்தெந்தக் கட்டை தகராறு செய்கிறது என்று எழுதிவை. துணித்திரையை இப்போதே தொடங்கலாம். அம்மாவிடம், பியானோ பத்திரமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். ஆனால் அந்த போர்டு பின் டப்பாவை அவர்களிடம் கொடுத்து வைத்துவிடு, நான் வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் சித்தப்பா